நாய்க்கு ஒரு நடுகல். கடிகாரத்துக்கு ஒரு வீடு

சென்னை எழும்பூரில் உள்ள அரசு அருங்காட்சியகத்துக்குப் பொதுமக்கள் முற்காலத்தில் இட்டு வழங்கிய பெயர் 'செத்த காலேஜ்' என்பதாகும். உயிருள்ள விலங்குகளும் பறவைகளும் இருந்த காட்சிச்சாலை 'உயிர் காலேஜ்' எனப்பட்டது. அருங்காட்சியகம் என்னும் அழகிய சொல்லைக் கற்றறிந்தோர் ஆக்கித் தந்தனர். அச்சொல் இன்று பலகைதோறும் விளங்குகிறது. எனினும் செத்த காலேஜ் என்ற பெயரில் உள்ள நுட்பம் அதில் இல்லை என்பதே எம் கருத்து. காலேஜ் என்றால் பாடம் நடக்கவேண்டும். பாடம் சொல்பவரோ செத்துப்போனவர். எழுத்தறியாத மக்கள் இரண்டே சொற்களில் இவ்வளவையும் அடக்கிவிட்டார்கள்.

செத்தவை எப்போது பாடம் சொல்கின்றன, எப்போது வாய்மூடி இருந்துவிடுகின்றன என்று எண்ணிப்பார்க்கப் பெங்களூரில் வாழும் நமக்கு நல்ல வாய்ப்பு உண்டு. நூற்றாண்டு கடந்த பெரிய அருங்காட்சியகமும் இங்கே இருக்கிறது. ஒரே ஒரு பொருளுக்கென்றே அமைந்த விந்தையான சிறு காட்சியகங்களும் இருக்கின்றன. ஒரு கோடை விடுமுறையில், எம் அன்னையாரையும் பிள்ளைகள் இருவரையும் அழைத்துக்கொண்டு அவற்றுள் சிலவற்றைக் கண்டுவந்தோம். அவற்றின் கவர்ச்சி ஒன்றுக்கொன்று எவ்வாறு வேறுபடுகிறது என்பதே இங்கு யாம் சொல்லப் புகுவது.

சென்னை அருங்காட்சியகத்தை 1851ஆம் ஆண்டில் தொடங்கி நடத்திய எட்வர்டு பால்ஃபர் என்னும் மருத்துவரே பெங்களூரிலும் ஓர் அருங்காட்சியகம் எழக் காரணமானவர். மைசூர் நாட்டின் தலைமை ஆணையராக இருந்த பௌரிங் துணைநிற்க, 1865ஆம் ஆண்டில் அது தொடங்கப்பெற்றது. தண்டுப் பகுதியில் முதலில் அது இருந்ததன் நினைவாகவே மியூசியம் சாலை இன்றும் அப்பெயரோடு விளங்குகிறது. கஸ்தூரிபா சாலையில் நாம் காணும் செந்நிறக் கட்டடம் 1877ஆம் ஆண்டினது. கப்பன் பூங்காவுக்கு வந்து, குழந்தைகளுக்குக் கடலை வாங்கிக் கொடுத்து, கால் ஓய்ந்தபின் 'இதையும் பார்த்துவிடுவோம்' என்று நுழைந்து, கால்மணி நேரத்தில் வெளிவருவோரே மிகுதி. யாமும் பல ஆண்டுகள் அவ்வாறே நுழைந்து வெளிவந்தோம். கல்லெல்லாம் ஒன்றுபோல் தோன்றும். எழுத்தோ பழங்கன்னடம், பேருந்துப் பலகை படிக்கும் அளவுக்கே கன்னடம் கற்ற எமக்கு அது எட்டாதது.

அக்கற்களுள் ஒன்று ஆதகூர்க் கல். மண்டியா மாவட்டத்து ஆதகூரில் கிடைத்த அக்கல்லின் காலம் கி.பி. 949-950. தமிழர் ஒவ்வொருவரும் ஒருமுறையேனும் அதன்முன் நிற்கவேண்டும் என்று யாம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பராந்தக சோழனின் மூத்த மகன் இராசாதித்தன், அரக்கோணத்தை அடுத்த தக்கோலத்தில் 949ஆம் ஆண்டு நடந்த போரில் மாண்டான். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்கு அவன் பெயர் புதிதன்று. யானைமேல் இருந்தபடியே உயிர்நீத்தமையால் 'ஆனைமேல் துஞ்சினவன்' என்று சோழ நாட்டார் அவனைப் போற்றினர். அவனைக் கொன்றவன், இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனுக்குத் துணையாக வந்த கங்க மன்னன் பூதுகன். அச்செய்தியைச் சொல்லும் கல்வெட்டு நம் பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில், ஒரு கூரையின் கீழ் இருக்கிறது! பூதுகன் வஞ்சனையால் கொன்றான் என்று முதலில் படித்த அறிஞர், அம்பாரியையே போர்க்களமாக்கிப் பொருது கொன்றான் என்று பின்னர்த் திருத்திப் படித்தனர். ஒரு சொல்லைப் படிக்கும் முறை மாறியதில் ஒரு மன்னனின் மேல் இருந்த பழி நீங்கிற்று.

ஆனால் அக்கல் அப்போருக்காக நடப்பட்டதன்று. இதுதான் வியப்பு.

பூதுகனிடம் மணலேரன் என்னும் வீரன் ஒருவன் இருந்தான். தக்கோலத்தில் அவன் காட்டிய ஆண்மையைக் கண்டு மகிழ்ந்த மன்னன், வேண்டுவது கேள் என்றான். ஊர் கேட்கலாம், பொன் கேட்கலாம். மணலேரன் கேட்டது ஒரு நாய். காளி என்பது அதன் பெயர். மன்னனும் அதனைக் கொடுத்தான். பின்னர்ப் பேளத்தூர் மலைப்பக்கத்தில் ஒரு பெரிய காட்டுப்பன்றியின்மேல் அந்த நாயை ஏவினார்கள். நாயும் பன்றியும் பொருது இரண்டும் ஒருங்கே மாண்டன. மணலேரன் அந்த நாய்க்குச் சிவன்கோயிலின் முன் கல் நட்டான். அக்கல்லுக்கு வழிபாடு நடக்க நிலமும் விடுவித்தான். கல்லின்மேல் நாயும் பன்றியும் மோதும் காட்சி செதுக்கப்பட்டிருக்கிறது. நாய் எப்படி அவன் கைக்கு வந்தது என்று சொல்லவேண்டியிருந்ததால் போர் வந்தது. போரைச் சொல்லவேண்டியிருந்ததால் இராசாதித்தன் வந்தான். சோழப் பேரரசையே ஆட்டங்காணச் செய்த ஒரு போரின் முதன்மைச் சான்றுகளுள் ஒன்று நமக்குக் கிடைத்தது, ஒரு மனிதன் தன் நாயின்மேல் வைத்த அன்பினால்தான்.

இதனை அறிந்த பின்னர்தான் விந்தைக் காட்சியகங்களைப் பற்றி எமக்கு இருந்த இளக்காரம் குறைந்தது. முன்பெல்லாம் யாமும் நகைத்தவர்களே. சில ஆண்டுகளுக்கு முன் விடுப்புப் பயணச் சலுகையில் குடும்பத்தோடு தில்லி சென்றிருந்தபோது, அங்கே கழிப்பறைகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது என்றார்கள். சுலப் நிறுவனத்தைத் தோற்றுவித்த பிந்தேசுவர் பாடக் 1992ஆம் ஆண்டில் அமைத்தது அது. செங்கோட்டையை விட்டுவிட்டு இதையா பார்ப்பது என்று திரும்பிவிட்டோம். மனிதக் கழிவை மனிதர் தலையில் சுமக்கும் கொடுமையை ஒழிக்க வாழ்நாள் முழுதும் உழைத்தவர் அவர் என்பதும், கழிப்பறையின் வரலாறு அவ்வுழைப்பின் ஒரு பகுதி என்பதும் ஊர் திரும்பிய பின்னரே எமக்குத் தெரிந்தன.

இனிப் பெங்களூருக்கு வருவோம். ஓசூர் சாலையில் உள்ள நிம்கான்சு மனநல, நரம்பியல் நிலையத்தில் மனித மூளைகளுக்கென்று ஒரு காட்சியகம் உண்டு. நரம்பு நோய்க்குறியியல் அறிஞர் டாக்டர் எஸ். கே. சங்கர் அவர்களின் பல்லாண்டு முயற்சியால் வளர்ந்தது அது. பக்கவாதத்தால் தாக்குண்ட மூளை, நாடாப்புழுவின் இளம்புழுக்கள் உள்ளே புகுந்து தங்கிய மூளை, தலைக்கவசமின்றிச் சாலையில் விழுந்தவரின் மூளை என்று கண்ணாடிப் பேழைகளில் வரிசையாக இருக்கின்றன. பார்ப்போர் கையுறை அணிந்து ஒரு மூளையைக் கையில் ஏந்தவும் வாய்ப்பு உண்டு. ஏறத்தாழ ஒன்றேகால் கிலோ முதல் ஒன்றரைக் கிலோ எடை இருக்கும். ஒருவர் தம் தாயை அடையாளம் கண்டதும், கடன் வாங்கியதும், திருக்குறள் மனப்பாடம் செய்ததும் இந்த எடைக்குள்தான் என்று நினைக்கும்போது கை நடுங்குகிறது. எம் அன்னையார் உள்ளே வர மறுத்து வெளியே மரத்தடியில் அமர்ந்துகொண்டார். அவர் செய்ததே சரி என்று எம் மகனும் சற்று நேரத்தில் அவரிடம் போய்ச் சேர்ந்தான். அச்சமும் மதிப்பும் கலந்த ஓர் அமைதி அங்கே நிலவுகிறது. பெயர் சொல்லப்படாத எவரெவரோ இறந்தபின் பாடம் சொல்கிறார்கள். செத்த காலேஜ் என்னும் பெயர் உண்மையாகவே பொருந்துவது இங்குத்தான்.

பழைய விமான நிலையச் சாலையில் உள்ள எச்.ஏ.எல். காட்சியகத்தின் இயல்பு முற்றிலும் வேறு. 2001ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற அது, இந்நாட்டில் வானூர்திகளுக்கென அமைந்த முதற்காட்சியகம் என்று போற்றப்படுவது. வால்சந்து ஹீராசந்து மைசூர் அரசின் துணையோடு 1940ஆம் ஆண்டில் தொடங்கிய தொழிற்சாலையின் கதை அங்கே சொல்லப்படுகிறது. 1951இல் பறந்த எச்.டி.-2 பயிற்சி விமானமும், ஜெர்மானிய வல்லுநர் குர்ட் டாங்கு வடிவமைக்க 1961ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் நாள் முதன்முதலாக வானேறிய மாருத் போர்விமானமும் நம் மக்களின் கைவேலைகள். பிள்ளைகளுக்கு இங்கே கொண்டாட்டம். விமானத்தின் வயிற்றுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்க்கலாம். சிறகின் ஆணிகளை எண்ணலாம். எம் மகன் எண்ணத் தொடங்கி நூற்றுப்பதினேழில் கணக்கை விட்டான். இங்குள்ள கவர்ச்சி வியப்பு ஒன்றே. வியப்பு எளிதில் வரும். வீடு திரும்புவதற்குள் பாதி கரைந்தும் போகும். உண்மையைச் சொன்னால், சிற்றுண்டிக் கடையைத் தேடுவதிலேயே பின்பாதி நேரம் சென்றது.

மூன்றாவதாகச் சென்றது சாலஹள்ளியில் உள்ள எச்.எம்.டி. காட்சியகம். இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் 1953ஆம் ஆண்டில் பொறியியல் கருவிகள் செய்ய எழுந்தது. 1961ஆம் ஆண்டில் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. ஜனதா, பைலட், சோனா, காஞ்சன், கோகினூர் என்னும் பெயர்களை ஐம்பது வயது கடந்த எவரும் மறந்திருக்கமாட்டார். கண்ணற்றோர் தடவி அறியும் கடிகாரமும் அவர்கள் செய்ததுண்டு. மாப்பிள்ளைக்குக் கடிகாரம் போடுவது என்றால் எச்.எம்.டி. என்றே பொருள்பட்ட காலம் அது. பின்னர்ப் பேட்டரிக் கடிகாரங்கள் வந்தன, போட்டி வந்தது, நட்டம் வந்தது. கடிகாரப் பிரிவை மூடிவிட 2016ஆம் ஆண்டு சனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. காட்சியகம் 2019ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. மரங்கள் சூழ்ந்த பழைய வீடு ஒன்றில் அது அமைந்திருக்கிறது; மாளிகை என்று சொல்லமுடியாது, நம் உறவினர் ஒருவரின் வசதியான வீட்டுக்குள் நுழைவது போன்ற உணர்வு.

மூளைகளைக் காண மறுத்த அன்னையார் இங்கே எம் அனைவருக்கும் முன்னால் நடந்தார். ஒரு கண்ணாடிப் பேழையின் முன் நின்றுவிட்டார்.

"உங்க அப்பா கட்டியிருந்தது இதுதாண்டா. காலையிலே இதுக்குச் சாவி குடுக்காம காப்பியைத் தொடமாட்டார்."

அது ஜனதா. எந்தை குடியாத்தத்திலிருந்து இந்நகருக்கு வந்து ஒரு பஞ்சாலையில் வேலைக்குச் சேர்ந்து, முதல் போனசில் வாங்கியது. எம் மகன் கண்ணாடியில் மூக்கை ஒட்டவைத்து நெடுநேரம் தேடிவிட்டு, "சாவி எங்கே பாட்டி?" என்று கேட்டான். சாவி கொடுத்தல் என்பது பக்கத்தில் உள்ள திருகை விரலால் முறுக்குவது என்று அவனுக்கு விளக்க வேண்டியிருந்தது. சாவியே இல்லாத ஒன்றுக்கு நாளும் சாவி கொடுத்து வாழ்ந்த தலைமுறை எம் பெற்றோருடையது. அன்றுவரை அச்சொல்லின் விந்தை எமக்கே தோன்றியதில்லை.

இக்காட்சியகத்தின் கவர்ச்சி வியப்பன்று, அச்சமும் அன்று. 'இது எங்கள் வீட்டில் இருந்தது' என்னும் உரிமை. எச்.ஏ.எல்., 1948இல் தோன்றிய ஐ.டி.ஐ., எச்.எம்.டி., 1954இல் வந்த பி.இ.எல். ஆகிய தொழிற்சாலைகளிலும் பஞ்சாலைகளிலும் வேலை தேடி வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் தருமபுரியிலிருந்தும் வந்த குடும்பங்கள் எத்தனை! இம்மலரைப் படிக்கும் இல்லங்களுள் பல அவ்வழி வந்தவை. நம் முன்னோர் என்றதும் நாம் கரிகாலனையும் இராசராசனையும் நினைக்கிறோம். அது நம் பெருமை. ஆனால் நம்மை இவ்வூருக்குக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் காலைச் சங்கு ஊதும்முன் சோற்றுத்தூக்கை மிதிவண்டியில் மாட்டிக்கொண்டு புறப்பட்டவர்கள். அவர்கள் கைபட்ட பொருள்களை இந்நகரில் காணவேண்டுமாயின் இத்தகைய சிறு காட்சியகங்களுக்குத்தான் செல்லவேண்டும். கடிகாரத்தின் நுண்ணிய உறுப்புகளைக் கோத்த பெண்கள், கடைசல் இயந்திரத்தில் நின்ற ஆடவர் ஆகியோரின் வாய்மொழியையும் யாரேனும் பதிந்து வைத்தால் நன்று என்று அங்கு நின்றபோது எமக்குத் தோன்றியது.

அப்படித் தோன்றிய அக்கணமே எம் தவறும் நினைவுக்கு வந்தது. எந்தையிடம் ஒரு தகரப்பெட்டி இருந்தது. ஆலையில் கொடுத்த எண் பொறித்த பித்தளை வில்லை, கூலிச் சீட்டுகள், தமிழ் மன்றம் நடத்திய நாடகங்களின் துண்டு விளம்பரங்கள், ஊரிலிருந்து வந்த இன்லண்டுக் கடிதங்கள் எல்லாம் அதில் இருந்தன. அவர் மறைந்த மறு ஆண்டு எமக்கு அரசுக் குடியிருப்பில் வீடு கிடைத்தது. இரண்டே அறைகள். வீடு மாறிய அன்று அந்தப் பெட்டியைக் காயலான் கடைக்காரரிடம், இவ்வூர் வழக்கில் குஜரிக் கடைக்காரரிடம், எடைக்குப் போட்டுவிட்டோம். தாளுக்கு ஒரு விலை, தகரத்துக்கு ஒரு விலை, பித்தளைக்குத் தனி விலை. மொத்தம் நாற்பத்தெட்டு ரூபாய். அலுவலகத்தில் கோப்புகளுக்கு எண் இட்டு, இத்தனை ஆண்டு வைத்திருக்கவேண்டியது, இத்தனை ஆண்டில் அழிக்கத்தக்கது என்று வகைபிரிப்பதையே தொழிலாகக் கொண்ட யாம், சொந்தத் தந்தையின் கோப்பை ஒரு நொடியில் அழித்துவிட்டோம். அன்னையார் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. இன்றுவரை சொன்னதில்லை.

எம்மைப்போல் செய்யாதவர்கள் உண்டு. காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் தொழில் செய்துவந்த ரோஜா முத்தையா செட்டியார் பழந்தமிழ் நூல்களை மட்டும் தேடியவர் அல்லர். நாடக நோட்டீசு, திருமண அழைப்பிதழ் எனப் பிறர் குப்பை என்று ஒதுக்கியவற்றையும் சேர்த்தார். 1992ஆம் ஆண்டு அவர் மறைந்தபின் அத்தொகுப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கித் தமிழ்நாட்டிலேயே இருக்கச் செய்தது; 1994ஆம் ஆண்டில் சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் எழுந்தது. நாம் காயலான் கடைக்குப் போட்ட துண்டு விளம்பரங்களை இன்று ஆராய்ச்சியாளர் அங்கே கடல் கடந்து வந்து படிக்கின்றனர்.

புனே நகரத்து இராஜா தினகர் கேல்கர் அருங்காட்சியகமும் அத்தகையது. பெயரைக் கேட்டு யாம் அதை ஓர் அரசரின் தொகுப்பு என்று எண்ணியிருந்தோம். அவ்வாறன்று. தினகர் கேல்கர் ஒரு கவிஞர். அவருடைய மகன் இராஜா ஏழு வயதில் இறந்துபோனான். அவன் நினைவாகவே அத்தொகுப்புக்கு அப்பெயர். விளக்குகள், பாக்குவெட்டிகள், மைக்கூடுகள், செதுக்கிய கதவுகள் என்று ஊர் ஊராகச் சென்று அன்றாட வாழ்வின் பொருள்களை அவரும் அவர் மனைவியாரும் திரட்டினர். பின்னர் அனைத்தையும் மராட்டிய மாநில அரசுக்கே கொடுத்துவிட்டார். பாக்குவெட்டிக்கும் இறந்த பிள்ளைக்கும் என்ன தொடர்பு என்று கேட்போர் ஆதகூர்க் கல்லின் முன் சற்று நேரம் நின்று பார்க்கட்டும்.

எந்தக் காட்சியகம் சிறந்தது என்று கேட்டால் எம் வீட்டிலேயே ஒரு முடிவுக்கு வர இயலவில்லை. மகனுக்கு விமானம், அன்னையாருக்குக் கடிகாரம். யாம் மூளைகளை மறக்கமுடியாமல் இருக்கிறோம். ஆயினும் ஒன்றைக் கவனித்தோம். எச்.எம்.டி. காட்சியகத்தின் உரிமைக் கவர்ச்சி அன்னையாரோடு பாதி முடிந்துவிடுகிறது. எமக்கு அது தந்தையின் நினைவு. எம் பிள்ளைகளுக்கோ சாவியில்லாத சாவி. அவர்கள் பிள்ளைகளுக்கு ஆதகூர்க் கல்லைப்போல் அதுவும் ஊமையாகவே இருக்கும், பக்கத்தில் நின்று சொல்ல ஆள் இல்லாவிட்டால். எழுத்தறியாமல் அக்கல்லைப் பல ஆண்டுகள் கடந்துசென்ற எமக்கு அதன் கதையைச் சொன்னவர், எம்முடன் பணியாற்றும் கன்னட நண்பர். தம் ஊர் நாயின் கதை என்று அவர் தொடங்கினார். எங்கள் ஊர் இளவரசன் இறந்த கதை என்று யாம் கேட்டு முடித்தோம். அன்று மதிய உணவு இடைவேளை வழக்கத்தைவிடச் சற்று நீண்டது.

ஆகவே இம்மலரைப் படிக்கும் குடும்பத்தாரிடம் எமக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பரண்மேல் இருக்கும் பெட்டியை எடைக்குப் போடுமுன் வீட்டுப் பெரியவர் ஒருவரை அருகில் அமர்த்திக்கொண்டு திறந்து பாருங்கள். சம்பளச் சீட்டு, ஆலை வில்லை, பழைய ரேஷன் அட்டை, முதன்முதலில் இவ்வூருக்கு வந்த இரயில் சீட்டு என்று எது கிடைத்தாலும் அதன் கதையை ஒரு தாளில் எழுதி உடன் வையுங்கள். தமிழ் அமைப்புகளின் நூலகங்களில் நூல் அலமாரிகளுக்கு இடையே ஒரு கண்ணாடிப் பேழைக்கு இடம் கிடைக்காமல் போகாது. மாளிகை வேண்டியதில்லை.

விடுமுறையின் கடைசி ஞாயிறன்று பிள்ளைகளை மீண்டும் கஸ்தூரிபா சாலைக்கு அழைத்துச் சென்று நாயின் கல்லைக் காட்டினோம். கதையைக் கேட்ட மகள், நாய் முதலில் இறந்ததா, பன்றி முதலில் இறந்ததா என்று வினவினாள். இரண்டும் ஒருங்கே இறந்தன என்றே கல் சொல்கிறது என்றோம். அவளுக்கு அது நிறைவளிக்கவில்லை. வழியெல்லாம் பேசாமல் வந்தாள்.

தகரப்பெட்டியில் இல்லாமல் அன்னையாரின் புடவைகளுக்கு அடியில் இருந்தமையால் அந்த ஜனதா கடிகாரம் மட்டும் எடைக்குப் போகாமல் தப்பியிருந்தது. மறுநாள் காலை யாம் அலுவலகம் புறப்படும்போது அது கூடத்து அலமாரியில், பழைய இனிப்புப் பெட்டி ஒன்றின் கண்ணாடித்தாள் மூடிக்குள் இருந்தது. காட்சியகங்களில் கண்டதுபோலவே அருகில் ஒரு சீட்டு, மகளின் கையெழுத்தில்: 'தாத்தாவின் கடிகாரம். பஞ்சாலையில் முதல் போனசில் வாங்கியது. சாவி கிடையாது. பாட்டி தினமும் காலையில் சாவி கொடுப்பார்.'